அரிட்டாபட்டிக்கு அப்புறம்: மலையையும் காட்டையும் காக்க எந்த வழி நிற்கும்?

193 ஹெக்டேர் ஒரு பக்கம், 2015 ஹெக்டேர் இன்னொரு பக்கம். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு எண்களே போதும்.

முதல் எண், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியின் பரப்பு. இரண்டாவது எண், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியின் பரப்பு. சுமார் 5,000 ஏக்கர். 2024 நவம்பர் 7-ல் அதன் ஏலம் முடிந்து, இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக மத்திய அரசு அறிவித்தது. பாரம்பரியத் தலம் இந்தத் தொகுதிக்குள்ளேயே கிடந்தது, ஆனால் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட அது இல்லை.

எதிர்ப்பு வலுத்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. டிசம்பர் 24 அன்று சுரங்க அமைச்சகம் ஒரு சமரசத்தை முன்வைத்தது: பாரம்பரியத் தலத்தை வெட்டி ஒதுக்கிவிட்டு எல்லையை மாற்றி வரையலாமா என்று ஆராயும்படி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் சொல்கிறோம் என்றது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். 193-ஐ விட்டுவிடுகிறோம், மிச்சம் 1,800 சொச்சத்தில் தோண்டிக்கொள்கிறோம் என்பதுதான் அதன் அர்த்தம். ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே போனார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது.

சரி, ஜெயித்தாயிற்று. அடுத்த ஊருக்கு வந்தால் என்ன செய்வது? அந்த ஊரில் இருப்பவர்கள் எந்தப் பாதுகாப்பைக் கேட்க வேண்டும்? பாரம்பரியத் தலமா, சரணாலயமா, தொல்லியல் சின்னமா, வன உரிமையா, தனிச் சட்டமா? “எப்படியாவது காப்பாற்றுங்கள்” என்று மனு கொடுத்தால் அரசு தனக்கு எளிதானதைக் கொடுக்கும். அதனால் இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து, எது எங்கே நிற்கும், எது எங்கே வழுக்கும் என்று சொல்லப் பார்க்கிறேன்.

ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளால் சோதிக்கிறேன். எல்லைக்கோட்டை யார் போடுகிறார்கள்? அதை யார் அழிக்க முடியும்? தண்ணீர் அந்தக் கோட்டுக்குள் இருக்கிறதா?

மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகள். மழை விட்ட மறுநாள் அந்தப் பாறைமேல் ஏறிப் பார்த்தால், பாறை மடிப்புகளில் நூல் மாதிரி தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். அது சுனையில் சேரும், சுனை நிரம்பினால் ஓடையாகும், ஓடை கண்மாய்க்கு வரும். அந்தக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர். இந்தக் குன்றுகளை நம்பி 72 ஏரிகளும் 200 இயற்கை ஊற்றுகளும் இருப்பதாக அரசு அறிவிப்பே சொல்கிறது. குன்றைக் கோட்டுக்குள் வைத்து, அதன் ஓடையைக் கோட்டுக்கு வெளியே விட்டால் என்ன காத்தோம்? சுனையில் தண்ணீர் இல்லாத மலையில், இங்கே வாழும் வேட்டைப் பறவையான லகர் வல்லூறு எத்தனை நாள் கூடு கட்டும்?

சுரங்கத்தின் பக்கம் நின்று பார்த்தால்

முதலில் எதிர்த் தரப்பு வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் இது ஒப்பீடு ஆகாது. டங்ஸ்டன் வீண் பொருள் இல்லை. துளைக்கருவி, வெட்டுக்கருவி, ராணுவத் தளவாடம் எல்லாவற்றுக்கும் வேண்டும். உலக உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது. இந்தியா இறக்குமதியை நம்பி நிற்கிறது. 2023-ல் மத்திய அரசு பட்டியலிட்ட 30 முக்கியக் கனிமங்களில் டங்ஸ்டனும் ஒன்று. “எல்லோரும் எங்கள் ஊரில் வேண்டாம் என்றால் கனிமம் எங்கிருந்து வரும்?” என்பது பதில் சொல்ல வேண்டிய கேள்விதான்.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். டங்ஸ்டன் தாதுப்பாறையில் பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் சரக்கு இருக்கும். நூறு டன் வெட்டினால் 99 டன்னுக்கு மேல் மாவாக அரைபட்டு, சேறாகக் கரைந்து, ஏதோ ஓர் அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும். சுரங்கம் முடிந்தாலும் அந்தச் சேறு போகாது. கர்நாடகத்துக் குதிரேமுக்கில் இரும்புச் சுரங்கம் 2005 கடைசியோடு நின்றது. கழிவுச் சேற்றுக்காகக் கட்டிய, கிட்டத்தட்ட 100 மீட்டர் உயரமுள்ள லக்யா அணை இன்னும் மலைகளுக்கு நடுவே நிற்கிறது. அதை என்றைக்கும் யாராவது காவல் காத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பதிலுக்கு மரம் நடுவோம் என்பார்கள். ஈடுசெய் காடு வளர்ப்புக்கென்று 2016-ல் தனிச் சட்டமே வந்தது. பணமும் சேர்கிறது. ஆனால் வேறு மாவட்டத்தில் வரிசையாக நட்ட தேக்கு, இங்கே இருக்கிற சுனைக்கு ஈடாகாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திறந்தவெளியாகத் தோண்டாமல் நிலத்தடியில் குடைந்து எடுத்தால் மேலே காடு அப்படியே இருக்குமே என்றும் சொல்வார்கள். மரம் நிற்கலாம். ஆனால் குடைந்த இடத்தில் ஊறும் தண்ணீரை இரவு பகலாக இறைத்தால்தான் உள்ளே வேலை நடக்கும், இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள கிணறுகள் கீழே போகும். வறண்ட நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

தொல்லியல் சின்னம்

கல்வெட்டும் சமணர் படுக்கையும் இருக்கிற ஊரில் முதலில் மனதில் வருவது இதுதான். அரிட்டாபட்டியில் முற்காலப் பாண்டியர் குடைவரைக் கோயில் இருக்கிறது, அதில் லகுலீசர் சிற்பம் இருக்கிறது. மீனாட்சிபுரத்துக் குன்றில் நெடுஞ்செழியன் பெயர் சொல்லும் மாங்குளம் தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. மத்திய சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் அதைச் சுற்றி 100 மீட்டர் முழுத் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு. உறுதியான பாதுகாப்புதான். ஆனால் 300 மீட்டரோடு முடிந்துவிடும். கல்வெட்டுள்ள பாறை மட்டும் நின்று, பின்னால் குன்றே காணாமல் போகலாம். மேலூர் வட்டாரம் கிரானைட் குவாரிக் காலத்தில் குன்றுகள் கரைந்ததைக் கண்ணால் பார்த்த வட்டாரம். எனவே இதைக் கூடுதல் பூட்டாக வைத்துக்கொள்ளலாம், ஒரே பூட்டாக நம்ப வேண்டாம்.

பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்

2002-ம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 37-வது பிரிவு இது. உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து பேசி மாநில அரசு அறிவிக்கும். ஊர்க்காரர்களுக்கு இதில் பெரிய ஆறுதல் ஒன்று உண்டு: ஆடு மேய்ப்பது, விறகு பொறுக்குவது, கோயில் திருவிழா, கண்மாயில் மீன்பிடி, எதற்கும் தடை வராது. மக்களே விரும்பி வைத்துக்கொள்ளும் கட்டுப்பாடு தவிர வேறெதுவும் திணிக்கப்படக் கூடாது என்று வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. வனத்துறை வந்து வேலி போட்டுவிடுமோ என்ற பயம் இல்லாமல் கேட்கக்கூடிய பாதுகாப்பு இது.

பலவீனமும் அதே மென்மையில்தான் இருக்கிறது. சுரங்கம் கூடாது என்று நேரடியாகச் சொல்லும் வரி அந்தப் பிரிவில் இல்லை. சுற்றிலும் தடைப்பட்டை கிடையாது. கோடு பாறையோடு நின்றால் பாதுகாப்பும் பாறையோடு நின்றுவிடும். நாயக்கர்பட்டித் தொகுதியை வரைந்தபோது பாரம்பரியத் தலம் உள்ளேயே கிடந்தும் ஏலம் நடந்தது. பிரச்சினை பெரிதான பிறகுதான் வெட்டி ஒதுக்கும் பேச்சே வந்தது.

வெட்டி ஒதுக்குவது நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் டார்கைன் என்று ஒரு காடு. பூர்வகுடி மக்கள் தகைனா என்பார்கள். அந்த நாட்டின் மிகப் பெரிய மிதவெப்ப மழைக்காடு அது. தகரம், இரும்பு எல்லாம் உள்ள மண். அந்த நாட்டுப் பாரம்பரியக் குழு ஆராய்ந்து, 4,33,000 ஹெக்டேரைத் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. 2013 பிப்ரவரியில் அமைச்சர் சேர்த்தது சுமார் 21,000 ஹெக்டேர். பூர்வகுடிகளின் தடயங்கள் உள்ள கடலோரத்தில், இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு. மிச்சக் காடு பட்டியலுக்கு வெளியே போனது, வேலைவாய்ப்புதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

அதே காட்டில் நெல்சன் பே ஆற்றுப் பக்கம் ஓர் இரும்புச் சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். தாஸ்மேனியப் பேய் என்ற விலங்கு பற்றிய அறிவுரை ஆவணத்தை அமைச்சர் கருத்தில் கொள்ளவில்லை என்று 2013 ஜூலையில் நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. சில வாரங்களில் மறு அனுமதி வந்துவிட்டது. சுரங்கம் தொடங்கியது. 2014-ல் இரும்புத்தாது விலை விழுந்ததும் வேலை நின்றது. வேலைவாய்ப்பு என்று சொன்னதற்குக் கிடைத்த காலம் ஓராண்டுகூட இல்லை. தோண்டிய குழிக்கு அந்த மாதிரிக் காலக்கெடு ஏது? இதைப் படித்தபோது எனக்கு மேலூர்தான் ஞாபகம் வந்தது.

சரணாலயம், காப்பகம்

எழுத்தில் மிக வலுவானது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். சரணாலயத்துக்கு உள்ளே மட்டுமல்ல, எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுரங்கம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லையை மாற்ற வேண்டுமென்றால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை வேண்டும். அரிட்டாபட்டி அறிவிப்பு வந்த அதே 2022-ல்தான் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்குச் சரணாலயமும் வந்தது. தேவாங்கு அரிட்டாபட்டியிலும் உண்டு. ஒரே விலங்கு, அங்கே பதினோராயிரத்துக்கு மேல், இங்கே இருநூறுகூட இல்லை. அங்கே நிலம் காப்புக்காடு, இங்கே நடுவில் பட்டா நிலமும் கண்மாயும் கோயிலும் ஊரும் இருக்கின்றன. வேறுபாட்டுக்குக் காரணம் இதுதான்.

அதனால்தான் சரணாலயத்தை எல்லா ஊருக்கும் சொல்லமாட்டேன். குதிரேமுக்கில் சுரங்கத்தை நிறுத்தியது 1987-ல் வந்த தேசியப் பூங்கா அறிவிப்பும், அதன் அடிப்படையில் 2002-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும்தான். பத்ரா ஆற்றுக்கு அது விடிவு. ஆனால் பூங்காவுக்குள் வாழ்ந்த பழங்குடிகளுக்கும் சிறு விவசாயிகளுக்கும் அதே அறிவிப்பு தலைக்குமேல் கத்தியாகத் தொங்கியது. சுரங்கக்காரனை விரட்டிய கையோடு ஊர்க்காரனையும் போகச் சொன்னால், அடுத்த முறை காட்டுக்காக யார் தெருவில் இறங்குவார்கள்?

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேர் பேசாத வழி. அதே வனவிலங்குச் சட்டத்தில் 36-வது பிரிவையொட்டி, அரசு நிலத்துக்குப் பாதுகாப்புக் காப்பகம், தனியார் அல்லது ஊர் நிலத்துக்குச் சமூகக் காப்பகம் என்று இரண்டு உண்டு. திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூர் 2005-ல் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகம் ஆனது. கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காக ஊர்க்காரர்களே முன்வந்து வாங்கியது. கர்நாடகத்தில் கொக்கரே பெள்ளூர் சமூகக் காப்பகம்.

சமூகக் காப்பகத்தில் ஒரு வரி முக்கியம். நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டுமென்றால் ஊர்ப் பிரதிநிதிகள் இருக்கும் மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் வேண்டும், மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். இரண்டு சாவி. பாரம்பரியத் தலத்தில் இந்தச் சாவி இல்லை. 2024 டிசம்பர் 18-ல், ராஜஸ்தானின் ஓரண் எனப்படும் கோயில்காடுகள் பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் அவற்றைக் கணக்கெடுத்துச் சமூகக் காப்பகமாக அறிவிக்கும் வழியைக் காட்டியது. நம் ஊர் கோயில்காடுகளுக்கு இது கையில் கிடைத்த பிடி.

வன உரிமை: நியமகிரி சொல்வதும் ஹஸ்தேவ் சொல்வதும்

எல்லாவற்றிலும் எனக்கு அதிக மரியாதை உள்ள வழி 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம். எல்லைக்கோட்டைப் போடும் கை ஊரின் கையாக இருப்பது இதில் மட்டும்தான்.

ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் மலை உச்சியில் ஒரு தொப்பி மாதிரி படிந்திருக்கிறது. அந்தத் தொப்பி மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்து, ஆண்டு முழுக்க ஓடைகளில் கசியவிடும். வேதாந்தாவின் அலுமினா ஆலை அடிவாரத்து லாஞ்சிகரில் தயாராக நின்றது. டோங்ரியா கோந்த் மக்களுக்கோ அந்த மலை நியமராஜா என்ற தெய்வம். 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம், அந்த மக்களின் வழிபாட்டு உரிமையும் பண்பாட்டு உரிமையும் பாதிக்கப்படுகிறதா என்று கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் 12-ஐ மட்டும் மாநில அரசு தேர்ந்தெடுத்தது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அமைச்சகம் அனுமதியை மறுத்தது. 2016-ல் மாநில அரசின் நிறுவனம் மறுபடி கேட்டுப் போனபோதும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தோண்டாமல் விட்ட அந்த மலை இன்றும் நிற்கிறது.

ஆனால் சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் ஆரண்ட் காட்டையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். சால் மரக்காடு, யானை நடமாட்டம், அடியில் நிலக்கரி. 2010-ல் சுரங்கமே கூடாத பகுதி என்று வகைப்படுத்தியிருந்தார்கள். அப்புறமும் சுரங்கம் வந்தது. காட்பர்ரா என்ற ஊருக்கு 2013-ல் கொடுத்த சமூக வன உரிமையை, அதாவது ஊரே கூட்டாகக் காட்டைப் பயன்படுத்தும் உரிமையை, சுரங்க வேலைக்கு ஊர் இடைஞ்சல் செய்கிறது என்று சொல்லி 2016-ல் ரத்து செய்தார்கள். கொடுத்த உரிமையைப் பறிக்கச் சட்டத்தில் வழி எங்கே என்று இன்றுவரை அந்த மக்கள் கேட்கிறார்கள். பக்கத்தில் பர்சா சுரங்கத்துக்குக் காட்டிய கிராம சபைச் சம்மதமே போலி என்று 300 கிலோமீட்டர் ராய்ப்பூருக்கு நடந்தே போய் முறையிட்டார்கள். 2022 ஜூலையில் சட்டமன்றமே சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டும் மரம் வெட்டுவது நிற்கவில்லை. காகிதத்தில் உள்ள சட்டம் ஒன்றுதான், இரண்டு மலைகளின் கதி வேறு. நியமகிரிக்குப் பின்னால் உச்ச நீதிமன்றம் நேரடியாக நின்றது, ஹஸ்தேவுக்கு அது அமையவில்லை.

தமிழ்நாட்டு ஊர்களுக்கு இன்னும் இரண்டு சிக்கல். நம் மாநிலத்தில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதி இல்லை, அதனால் பழங்குடி வட்டாரக் கிராம சபைகளுக்கு உள்ள தனி அதிகாரம் நம் சபைகளுக்குக் கிடையாது. அப்புறம், வன உரிமைச் சட்டம் வனநிலத்துக்குத்தான். பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அந்தக் காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். சத்தியமங்கலத்திலோ நீலகிரியிலோ உள்ள ஊருக்கு இது சரியான வழி. மேலூர் மாதிரி சமவெளிக் குன்றுக்கு இது முழுதாகப் பொருந்தாது.

தனிச் சட்டம்

2020-ல் காவிரி டெல்டாவுக்குப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. 2023-ல் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி பழுப்பு நிலக்கரித் தொகுதிகளை மத்திய அரசு ஏலப் பட்டியலிலிருந்து எடுத்தபோது, அந்தச் சட்டமும் மாநிலத்தின் கையில் ஒரு வாதமாக இருந்தது. மற்ற வழிகள் எல்லாம் குன்றை, காட்டை, கல்வெட்டைத் துண்டு துண்டாகப் பார்க்கும்போது, இது வட்டாரத்தையே ஒரு கோட்டுக்குள் வைக்கிறது. கண்மாயும் வயலும் உள்ளே வரும். ஆனால் 2023-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. மத்தியச் சட்டத்தோடு மோதும்போது மாநிலச் சட்டம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது நீதிமன்றத்தில்தான் தெரியும்.

நான் எதைக் கேட்பேன்

வனநிலத்தில் உள்ள ஊர் என்றால் முதலில் சமூக வன உரிமைதான். சுரங்கம் வருகிறது என்ற செய்தி வரும்வரை காத்திருக்கக் கூடாது. உரிமை கையில் இருந்த பிறகு வரும் சுரங்கத்தை எதிர்ப்பதும், சுரங்கம் வந்த பிறகு உரிமை கேட்பதும் ஒன்றல்ல. அதிலும் 2022 வன விதிகளுக்குப் பிறகு, மத்திய அரசின் இறுதி ஒப்புதல் முந்திக்கொண்டு வரலாம், வன உரிமைச் சரிபார்ப்பு மாநிலத்தின் பொறுப்பாகப் பிறகு நடக்கலாம்.

மேலூர் மாதிரி ஊர் என்றால் ஒன்று போதாது. குன்றுக்குப் பாரம்பரியத் தலம், கோயில்காட்டுக்குச் சமூகக் காப்பகம், கல்வெட்டுக்குத் தொல்லியல் பாதுகாப்பு, வட்டாரத்துக்குத் தனிச் சட்டம் என்று நான்கையும் அடுக்கிக் கேட்க வேண்டும். முன்னுரிமை எதற்கு என்று கேட்டால், பாரம்பரியத் தலத்தின் எல்லையை நீர்ப்பிடிப்பு வரை விரிப்பதற்கு. அது இருக்கிற சட்டத்திலேயே, மாநில அரசின் ஓர் அரசாணையிலேயே முடியக்கூடியது, யாருடைய மேய்ச்சலையும் பறிக்காதது. ஏலம் ரத்தாகிவிட்டது என்றாலும் டங்ஸ்டன் மண்ணுக்கடியில் அப்படியேதான் இருக்கிறது, புவியியல் வரைபடத்திலும் இருக்கிறது. 2025 செப்டம்பரில் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமே தேவையில்லை என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு கொடுத்துவிட்டது. ஊர் தன் பேச்சைப் பதிவு செய்யும் இடம் ஒன்று குறைந்திருக்கிறது.

மிஞ்சியிருப்பது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. “எங்கள் மலையைக் காக்க வேண்டும்” என்று பொதுவாக ஒரு வரி எழுதித் தீர்மானப் புத்தகத்தை மூடிவிடக் கூடாது. எந்தக் குன்றிலிருந்து எந்த ஓடை, எந்த ஓடையிலிருந்து எந்தக் கண்மாய், எந்தக் கண்மாயின் மறுகால் எந்தக் கண்மாய்க்கு என்று புல எண்ணோடு வரிசையாக எழுத வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படத்தையும், மடை திறந்து பழகிய நீர்ப்பாய்ச்சியையும் பக்கத்தில் உட்கார வைத்தால் ஒரு மத்தியான நேரத்தில் முடிந்துவிடும். அந்தத் தாளின் நகல் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் போக வேண்டும், மூலம் ஊரிலேயே இருக்க வேண்டும்.